எண்ணப்பட்டவர்கள் எண்ணியபோது

நம்மைப் பற்றின கணக்கை எழுதினவன் யாரு? சென்சஸ்காரன் வந்தான், தாலுகா ஆபீஸ்காரன் வந்தான், பல்கலைக்கழகத்துக்காரன் வந்தான். சேரியில் இத்தனை தலை, இத்தனை குடிசைன்னு எழுதிக்கிட்டுப் போனான். பேனா நம்ம பிள்ளைகள் கையில் இருந்திருந்தால்? இப்படி யோசிக்கிறபோதெல்லாம் எனக்கு அமெரிக்காவின் அட்லாண்டா பல்கலைக்கழகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதித் தொடர்பு கொண்டாரே டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ், அவர் வாத்தியாராக இருந்த இடம் அது.

அதற்கு முன்னால், 1896இல், பிலடெல்பியாவின் கறுப்பு மக்களை ஆராயப் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை அமர்த்தியது. ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கினவர். கிடைத்ததோ உதவி ஆசிரியர் என்கிற பேரு மட்டும். அறை கிடையாது, மாணவர் கிடையாது. வெள்ளைக்காரப் பிள்ளை கறுப்பு வாத்தியாரிடம் படிப்பதாவது! தனியாளாக வீடு வீடாக ஏறி இறங்கி எண்ணினார்.

1897இல் அட்லாண்டாவுக்கு வந்தார். கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து படித்ததற்காக, 1887லேயே ஜார்ஜியா அரசு வருஷம் 8,000 டாலர் மானியத்தை நிறுத்திவிட்ட இடம். காசில்லை, மாணவர்கள் இருந்தார்கள். கடைசி வருஷப் பட்டப்படிப்புப் பிள்ளைகளிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, தாங்கள் அறிந்த ஊர்களைப் பற்றி எழுதிவரச் சொன்னார். அந்தக் குறிப்புகளை வைத்து அவர் எழுதின கட்டுரையை 1899இல் அமெரிக்கத் தொழிலாளர் துறையே அச்சிட்டது. ஆய்வுக்குப் பொருளாக இருந்த பிள்ளை ஆய்வாளனாக ஊருக்குத் திரும்பினான். பாடப் புத்தகத்தை ஒப்பிக்க வைக்கிற நம்ம கல்லூரிகள் இதை எப்போது செய்தன?

அதே 1899 ஏப்ரலில் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்புத் தொழிலாளியை உயிரோடு கொளுத்தினார்கள். அவர் விரல் மூட்டுகளை அட்லாண்டாவில் ஒரு மளிகைக் கடையில் காட்சிக்கு வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, போன காரியத்தை விட்டுவிட்டுப் பாதி வழியில் திரும்பினார் டுபாய்ஸ். ஒதுங்கி நின்று ஆராய்ச்சி மட்டும் பண்ண முடியாது என்பது அவருக்கு அன்றைக்கு உறைத்தது.

ஆனாலும் எண்ணுவதை விடவில்லை. 1900 பாரிஸ் கண்காட்சிக்கு, மாணவர்கள் மையும் வர்ணமும் கொண்டு கையாலேயே வரைந்த வரைபடங்கள் 60க்கு மேல் போயின. ஜார்ஜியாவில் கறுப்பர்களிடம் இருந்த நிலம் 1874இல் 3,38,769 ஏக்கர், 1899இல் 10,62,223. வீட்டுச் சாமான், அடுப்படிச் சாமான்களின் மதிப்பு 1875இல் 21,186 டாலர், 1899இல் 14,34,975. கறுப்பர் சொத்தைத் தனியாகப் பிரித்து எழுதிவைத்திருந்தது வெள்ளை அரசின் வரிப் பதிவேடு. ஒதுக்கிவைக்க எழுதின ஏட்டிலிருந்தே பிள்ளைகள் பதிலை எடுத்தார்கள். மாநிலத்தில் ஏறக்குறையப் பாதி ஜனத்துக்கு அந்த ஏக்கர் எந்த மூலைக்கு என்பது வேறு விஷயம்.

டுபாய்ஸுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. வரைந்தவர்களில் முன்னாள் மாணவர் வில்லியம் ஆண்ட்ரூ ரோஜர்ஸ் பெயர் தெரிகிறது. வரைபட அட்டையில் இருப்பதென்னவோ ‘நீக்ரோ மாணவர்கள்’ என்ற மொத்தப் பேர்தான். வாத்தியார் இதையாவது சரிசெய்திருக்கலாம்.

1906இல் அலபாமாவின் லௌண்டெஸ் கவுண்டியில் நிலமும் குத்தகையும் கடனும் எப்படிக் கறுப்பர்களைக் கட்டிப்போட்டிருக்கின்றன என்று அதே துறைக்காக ஆராயப் போனார். உதவியாளர்கள் சிலரைத் துப்பாக்கி காட்டி விரட்டினார்கள். ஆய்வு முடிந்து அறிக்கை போய்ச் சேர்ந்தது. அரசாங்கம் அச்சிடவில்லை. பிற்பாடு அழித்தேவிட்டது.