வரைபடம் யாருடைய பாடம்?

ராஜபாளையத்தில் காலை நடையின்போது நண்பர் ஒருவர் கேட்டார்: "என் பேத்தி பி.ஏ. வரலாறு படிக்கிறா. அவளுக்கு எதுக்கு சார் கம்ப்யூட்டர்ல மேப் போடுற வேலை? அது ஜியாகிரபிக்காரங்க பாடமில்லையா?" நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தப் படிப்பில் வரலாறும் புவியியலும் ஒரே பாடம், ஒரே ஆசிரியர். இதற்கு ஒரு காரணம் உண்டு. 1870-71 போரில் பிரஷ்யாவிடம் பிரான்ஸ் தோற்றது. ஜெர்மானியர்களுக்கு நிலத்தைப் படிக்கத் தெரிந்திருந்தது, நமக்குத் தெரியவில்லை என்று பிரெஞ்சுக்காரர்கள் புலம்பினார்கள். உடனே பள்ளிகளில் புவியியலைத் தூக்கி நிறுத்தினார்கள். 1885 முதல் விதால் தெ லா பிளாஷ் என்ற பேராசிரியரின் சுவர்ப்படங்கள் வகுப்பறைகளுக்கு வந்தன. அட்டையின் ஒரு பக்கம் ஊர்ப்பெயர், ஆற்றுப்பெயரோடு இருக்கும். திருப்பினால் அதே படம், பெயர் ஒன்றும் இல்லாமல். அதற்கு 'ஊமைப் படம்' என்று பெயர். மாணவன்தான் பெயர் சொல்லி அதைப் பேசவைக்க வேண்டும்.

அதற்கும் முன்பே, 1826-இல், ஷார்ல் துய்ப்பேன் என்பவர் பிரான்சின் மாவட்டங்களுக்கு நிழல் பூசி ஒரு படம் வெளியிட்டார். பிள்ளைகள் அதிகம் பள்ளிக்குப் போகும் மாவட்டம் வெளுப்பு, போகாத மாவட்டம் கறுப்பு. புள்ளிவிவரத்தை இப்படி நிறமாக்கிய முதல் படம் அதுதான் என்பார்கள். வடக்கு வெளுத்தும் தெற்கு கறுத்தும் கிடந்ததை நாடே பார்த்தது. துய்ப்பேன் புவியியல்காரர் அல்ல, கணிதம் படித்த பொறியாளர்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1955-இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கியது. தாவரவியலாரும் சமஸ்கிருத, தமிழ் ஆய்வாளர்களும் அங்கே ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தார்கள். ஆன்ரி கோசென் என்ற தாவரவியல் அறிஞர் வகுத்த முறைப்படி இந்தியாவின் தாவர வரைபடத்தை அவர்கள் போட ஆரம்பித்தார்கள். மழை, வெப்பம், ஆண்டில் எத்தனை மாதம் வறட்சி என்பதற்கு ஏற்ப நிறம். படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் நிலத்தில் ஒரு கிலோமீட்டர். 1961-இல் வெளிவந்த கன்னியாகுமரித் தாளில் நம் மேற்கு மலையும் அடங்கும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பசுமையும் இந்தப் பக்கம் கரிசலும் ஏன் என்று பத்துப் பக்கம் எழுத வேண்டியதை ஒரு தாள் சொல்லிவிடும்.

வரலாற்று மாணவிக்கான பதில் எ. சுப்பராயலு அவர்களின் ஆய்வில் இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் 'இன்ன நாட்டு இன்ன ஊர்' என்று வரும். அந்த ஊர்களை இன்றைய வரைபடத்தில் ஒவ்வொன்றாகத் தேடிப் புள்ளி வைத்து நாடுகளின் எல்லையைக் கண்டார். 1973-இல் அது சோழ நாட்டின் அரசியல் புவியியல் என்ற ஆங்கில நூலாக வந்தது. புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆறு பல இடங்களில் நாட்டின் எல்லையாக இல்லாமல் அதன் நடுவே ஓடியது. அரசன் மேலிருந்து கோடு போட்டிருந்தால் ஆற்றை எல்லையாக வைத்திருப்பான். அப்படி இல்லாததால், நாடு என்பது தண்ணீரைப் பங்கிட்டு வாழ்ந்த உழவர் ஊர்களின் கூட்டம் என்பது புலப்பட்டது. கல்வெட்டை மட்டும் வாசித்திருந்தால் இது தெரிந்திருக்காது. பின்னாளில் புதுச்சேரி நிறுவனத்தில் அவர் முன்னின்று கணினியிலேயே தென்னிந்திய வரலாற்று வரைபடத் தொகுப்பு ஒன்றும் உருவானது.

சரி, இந்த ஜி.ஐ.எஸ். என்பது என்ன? தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு அது புதிதே அல்ல. எஃப்.எம்.பி.யில் சர்வே எண் வாரியாகப் புலப்படம் இருக்கும். அ-பதிவேட்டில் அதே எண்ணுக்கு நேரே நஞ்சையா புஞ்சையா, விஸ்தீரணம், தீர்வை, பட்டாதாரர் பெயர் இருக்கும். படத்தையும் பதிவேட்டையும் கட்டிவைப்பது அந்த எண். 1960-களில் கனடாவில் ராஜர் டாம்லின்சன் கணினியில் செய்தது அடிப்படையில் இதைத்தான். கூடுதல் வசதி என்னவென்றால், எண்ணெய்த் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைப்பதுபோல மண், மழை, சாலை, பள்ளி என்று எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம்.

ஆகவே பாடம் எல்லாருக்கும் உரியது. ராஜபாளையத்தில் வரலாறு படிப்பவர், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், பிறகு ராமநாதபுரத்திலும், 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டத்திலும் இருந்ததைப் படத்தில் வைத்தால்தான் பழைய ஆவணத்தை எந்த மாவட்டத்தில் தேடுவது என்றே தெரியும். தமிழ் படிப்பவர் பட்டி, குளம், புத்தூர், பாளையம் என்று முடியும் ஊர்களை நிறம் பிரித்து வைக்கலாம். வணிகவியல் மாணவர் பால்கோவாவுக்குப் பால் வரும் ஊர்களையும், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி போகும் வழியையும் வரையலாம். விலங்கியல் மாணவருக்கு 1988-இல் சாம்பல் அணில் சரணாலயமாகி, 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமான மலை கண்ணெதிரே நிற்கிறது.

முன்பு இதற்கெல்லாம் தடை இருந்தது. கடலோர, எல்லையோரப் பகுதிகளின் சர்வே தாள்கள் சாதாரணமாகக் கைக்குக் கிடைக்காது. மென்பொருளும் விலை அதிகம். இப்போது இஸ்ரோவின் 'புவன்' தளம் 2009 முதல் இருக்கிறது. க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபட விதிகளையும் தளர்த்தியது.

ஆனாலும் ஒன்று குறைகிறது. மேலிருந்து செயற்கைக்கோள் எடுக்கும் படமும் ஊமைப் படம்தான். கண்மாயில் தண்ணீர் நிற்பது அதற்குத் தெரியும். அது எந்தக் கண்மாயின் மறுகால் தண்ணீர், எந்த மடைக்கு எது முந்தி, இன்று வீட்டுமனையாக நிற்கும் இடத்தில் எந்த வரத்துக்கால் ஓடியது என்பதெல்லாம் தெரியாது. அதை வாயிலேயே வைத்திருந்த பரம்பரைக் கர்ணம் பதவிகள் 1980-இல் ஒழிந்தன. ஒழிந்தது நியாயம்தான். ஆனால் அவர்கள் மனதில் இருந்த கணக்கில் ஒரு பகுதி பதிவேட்டில் ஏறாமலே போனது. மிச்சம் நம்மிடம் இருக்கிறது. நமக்கும் எழுபது, எண்பது ஆகிவிட்டது. ஓடையின் பெயர் மறந்தால் ஓடையை மூடுவது சுலபம். பெயரும் தடமும் படத்தில் ஏறிவிட்டால், நாளை கேள்வி கேட்கிறவர் கையில் ஒரு தாளாவது இருக்கும்.

எனவே நண்பருக்கு என் பதில்: பேத்தியைத் தடுக்காதீர்கள். அடுத்த விடுமுறையில் அவளை உங்கள் ஊர்க் கண்மாய்க்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மடையிலிருந்து மடைக்கு நடந்து, உங்களுக்குத் தெரிந்த பெயர்களை ஒன்று விடாமல் சொல்லுங்கள். அவள் போனில் குறித்துக்கொள்ளட்டும். இதைப் படிக்கும் மற்றவர்களும் உங்கள் ஊரில் மறைந்துபோன ஓடை, ஊருணிப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வரைந்துகொள்ளப் பிள்ளைகள் வருவார்கள்.