சத்திரத்து மணி

வீட்டையே வண்டியில் கட்டிக்கொண்டு ஊர் சுற்றும் அமெரிக்கர்களுக்கு, வழியில் ஓர் இரவு தங்கக் கட்டண முகாம்கள் உண்டு. தண்ணீர், கரண்ட் எல்லாம் கிடைக்கும். நம் தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளே ஓரங்கட்ட இடம் தேடுகின்றன. மாட்டுவண்டிக் காலத்தில் தெற்கே போனவர்களுக்குச் சத்திரங்கள் இருந்தன. பிரெஞ்சில் 'எதாப்' என்ற ஒரே சொல் தங்குமிடத்தையும் குறிக்கும், அதுவரை போகும் தூரத்தையும் குறிக்கும். நடந்து களைத்தவன் உண்டாக்கிய சொல்லாக இருக்க வேண்டும்!

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1799-இல் ராஜ்யத்தைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். 1801-இல் ரெசிடென்டுக்கு எழுதிய கடிதத்தில் அவர் மன்றாடியது ராமேஸ்வரம் பாதைச் சத்திரங்களுக்காக. முன்னோர் விட்ட மானியங்கள் தொடர வேண்டும் என்பதே கவலை. அங்கே எந்த ஜாதியானாலும், பக்கீரானாலும் சோறு உண்டு. சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசியாகவே அளப்பார்கள். நோயாளி குணமாகும்வரை தங்கலாம். விஷக்கடிக்கும் வைத்தியர் உண்டு. நடுநிசியில் மணி அடித்து, "சாப்பிடாதவர் யாரேனும் உண்டா?" என்று கூவி அழைப்பார்களாம்.

கடிதத்தோடு நிற்கவில்லை. ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பெயரில் சத்திரமும் கட்டினார். அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது.