படித்து முடித்த டாக்டரும் படிக்க வேண்டும்: வேலூரும் ஃப்ளூ காய்ச்சலும்

பி.காம் படிக்கிறவனுக்கு டாக்டர்கள் விஷயத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு.

1918 ஆகஸ்ட் 12. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்காக ஒரு மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். திறந்து வைத்தவர் சென்னை மாகாண கவர்னர் பென்ட்லண்ட் பிரபு. இன்றைய சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் தொடக்கம் அதுதான். ஒடுகத்தூரானாலும் ஆம்பூரானாலும் வியாதி முற்றினால் "வேலூருக்குக் கொண்டு போங்க" என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.

பள்ளி திறந்த நேரத்தைப் பாருங்கள்! அந்த ஜூனிலேயே பம்பாயில் இன்ஃப்ளூயன்ஸா தலைகாட்டியிருந்தது. செப்டம்பருக்குப் பிறகு இரண்டாவது அலை நாடு முழுக்கப் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1911-ஐ விட மக்கள் குறைந்திருந்ததற்கு இந்தக் காய்ச்சல் முக்கியக் காரணம்.

இத்தனை பேரைக் கொன்றது எது? அன்றைய மருத்துவ நூல்கள் பெரும்பாலும் ஒரு பாக்டீரியாவைத்தான் கைகாட்டின. ஜெர்மனியின் ஃபைஃபர் என்பவர் 1892-ல் சொன்னது அது. சிலருக்குச் சந்தேகம் இருந்தது, ஆனால் மாற்று விடை யாரிடமும் இல்லை. வேலூர்ப் பள்ளியின் முதல் குழுவில் 14 பெண்கள் 1922-ல் எல்.எம்.பி. முடித்து வெளியே வந்தார்கள். 11 வருடம் கழித்து, 1933-ல், லண்டன் விஞ்ஞானிகள் மூவர் மனிதர்களைத் தாக்கும் ஃப்ளூ ஒரு வைரஸால் வருகிறது என்று நிரூபித்தார்கள். பரீட்சையில் சரியாக எழுதி மார்க் வாங்கிய விடை, வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே தப்பாகிவிட்டது!

மற்ற பல நோய்களில் இப்படி எப்போதாவது நடக்கும். ஃப்ளூவில் இது வாடிக்கை. 1940களில் அமெரிக்காவில் தடுப்பூசி வந்தது. 1945-ல் பொதுமக்களுக்கும் அனுமதி கிடைத்தது. இரண்டே வருடத்தில், 1947-ல், அதே ஊசி பலனில்லாமல் போனது. காரணம், வைரஸ் தன் மேல்சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கிறது. பழைய சட்டையை அடையாளம் வைத்துத் தேடும் நம் உடம்பின் காவல்காரருக்குப் புதுச் சட்டைக்காரன் தெரிவதில்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை, எந்தெந்த வைரஸ் வகைகளை ஊசியில் சேர்க்க வேண்டும் என்று புதிதாகச் சொல்கிறது.

1957 மே மாதம் புது வகை வைரஸ் ஒன்று கப்பலில் நம் சென்னைத் துறைமுகத்துக்கே வந்தது. சில மாதங்களில் இந்தியாவில் பதிவான நோயாளிகள் மட்டும் சுமார் 44 லட்சம். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்த இன்ஃப்ளூயன்ஸா மையம் அதை ஆராய்ந்தது. 2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்தது. 2010-ல் இந்தியாவிலேயே தயாரித்த தடுப்பூசி வந்தது. ஒவ்வொரு முறையும் டாக்டர், நர்ஸ் எல்லோரும் மறுபடி மாணவர்களானார்கள்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். தொடர் மருத்துவக் கல்வி, சுருக்கமாக சி.எம்.ஈ. என்று ஒன்று இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளின்படி ஒரு டாக்டர் 5 வருடத்தில் 30 மணி நேரம் இதில் கலந்துகொள்ள வேண்டும். அந்தக் கவுன்சில் போய் 2020-ல் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய விதிகளை வெளியிட்டு, அதே மாதத்தில் நிறுத்தி வைத்தது. 2002 விதிகளே மறுபடி நடைமுறைக்கு வந்தன.

30 மணியை 5 வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 6 மணி. அதாவது மாதத்துக்கு அரை மணி! எங்கள் பாடத்தில் வரும் ஆடிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பிராக்டீஸ் செய்யும், 60 வயதுக்கு உட்பட்ட சி.ஏ. ஒருவர் 3 வருடத்தில் 120 மணி நேரம் காட்ட வேண்டும், வருடத்துக்கு 40. வரவு செலவு பார்ப்பவருக்கு 40, உயிரைப் பார்ப்பவருக்கு 6.

இதை வைத்து டாக்டர்கள் படிப்பதே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. தானாகவே தேடிப் படிப்பவர்கள் நிறைய. அவர்களுக்கு 30 மணி ஒரு பொருட்டே அல்ல. ஆனால் சட்டம் போடுவது படிக்காதவரை உத்தேசித்துத்தானே? அவரும் ஏதோ ஒரு ஓட்டல் அரங்கில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டு, சர்டிபிகேட் வாங்கி 30 மணியை நிரப்பிவிடலாம். அதில் ஃப்ளூ பற்றி ஒரு நிமிடமும் இல்லாமல் போகலாம். கிரெடிட் என்பது உட்கார்ந்த நேரத்தின் கணக்கு. புரிந்துகொண்டதன் கணக்கு வேறு.

எங்கள் பக்கத்துக்கு இது ஏன் முக்கியம்? இந்தியாவின் பல நகரங்களில் ஃப்ளூ உச்சத்துக்குப் போவது தென்மேற்குப் பருவமழையில். வேலூரிலும் சென்னையிலும் அது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அக்டோபர், நவம்பரில் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படியானால் ஊசி போடவேண்டிய மாதமும் நம் ஊருக்கு வேறு. பி வகையில் யமகட்டா என்ற பிரிவு 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. ஊசியில் அதைச் சேர்க்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. 2015-ல் படித்து முடித்தவருக்குப் பாடப்புத்தகம் இதைச் சொல்லியிருக்க முடியாது.

ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு நெருக்கியடித்துக்கொண்டு வேனில் போகிற கர்ப்பிணிப் பெண் ஒருவர், "டாக்டர், இந்த ஃப்ளூ ஊசி நான் போடலாமா? எப்போ போடணும்?" என்று கேட்டால், சரியான பதில் கிடைக்க வேண்டும். ஃப்ளூவால் ஆபத்து அதிகம் உள்ளவர்களில் கர்ப்பிணிகளும் உண்டு, ஊசியை அவர்களுக்குப் பரிந்துரைக்கிறார்கள். பதில் தெரியாத டாக்டர் "அதெல்லாம் வேண்டாம்மா" என்று அனுப்பிவிட்டால் நஷ்டம் நாலு நாள் சம்பளத்தோடு நிற்காது.

1922-ல் படித்து முடித்த அந்த 14 பேருக்குக் கிரெடிட் கேட்க யாரும் இல்லை. இன்று கேட்க விதி இருக்கிறது. எத்தனை மணி என்பதோடு, என்ன படித்தீர்கள் என்றும் அது கேட்டால் நம்மைப் போன்ற நோயாளிகளுக்கு நல்லது.