பட்டணமா, சிற்றூரா? அம்பாங் பெச்சா கூறும் வரலாறு

பட்டணத்து வாழ்வு மேலா, சிற்றூர் வாழ்வு மேலா என்னும் வாதம் தோட்டத்தாரும் நகரத்தாரும் கூடுமிடமெல்லாம் எழுவதை நாம் அறிவோம். பட்டணத்தார் தம் ஊரின் உணவைப் புகழ்வர். நள்ளிரவிலும் ரொட்டி சானாய் கிடைக்கும், விதவிதமான வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும் என்பர். சிற்றூராரோ, கடைக்குப் போய்வர எமக்கு வண்டி வேண்டுவதில்லை, கால் இருந்தால் போதும் என்பர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், உழைத்துண்பவன் தான் விரும்பிய உணவைத் தன் காலால் நடந்து சென்று, தன் கைக்காசு கொடுத்து வாங்க இயலுமா என்பதே எவ்வூருக்கும் தக்க உரைகல் என்று நாம் கருதுகிறோம். அவ்வுரைகல்லில் வட சிலாங்கூரின் வரலாற்றைச் சிறிது உரைத்துப் பார்ப்போம்.

கோலாலம்பூருக்கு வடக்கே, சிலாங்கூர் ஆற்றின் அருகே, அம்பாங் பெச்சா என்னும் ஊர் இருக்கிறது. மலாய் மொழியில் அம்பாங் என்பது அணை. பெச்சா என்பது உடைந்தது. பழைய கோலகுபு நகரம் இருந்த இடம் இதுவே. 1883-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் அணை உடைந்து வெள்ளம் ஊரை அழித்தது. மாண்டோருள் செசில் ரேங்கிங் என்னும் ஆங்கிலேய அதிகாரியும் ஒருவர். அவர் வெள்ளை முதலை ஒன்றைச் சுட்டதால் விளைந்த சாபம் இது என்றொரு கதை இன்றும் வழங்குகிறது. முதலைக்கு அணையை உடைக்கும் ஆற்றல் ஏது? பெருகிய நீரைப் பழைய அணை தாங்கமாட்டாது போயிற்று, அவ்வளவே. அதன் பின்னரும் ஈயச் சுரங்கங்கள் கரைத்துவிட்ட மண் ஆற்றை மேடாக்கியது. வெள்ளமும் வண்டலும் ஊருக்குள் மீண்டும் மீண்டும் புகுந்தன. சாபத்துக்குப் பரிகாரம் தேடிக்கொண்டிருந்தால் ஊர் மண்ணில் புதைந்தே போயிருக்கும். காரணத்தைக் கண்டதனால் மாற்று வழி பிறந்தது.

1920களில் அரசாங்கம் நகரை மேட்டு நிலத்துக்குப் பெயர்க்கத் துணிந்தது. திட்டம் வகுத்தவர் சார்லஸ் ரீட். 1921-இல் மலாயாவுக்கு வந்த அரசாங்க நகரமைப்பாளர். நெரிசலும் புகையும் நிறைந்த பட்டணங்களுக்கு மாற்றாகப் 'பூங்கா நகரம்' அமைக்கலாம் என்று இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்டு 1898-இல் ஒரு நூலில் எழுதியிருந்தார். அக்கருத்தே கோலகுபு பாருவாக உருப்பெற்றது. நடுவே கடைவீதிகள்; அவற்றையும் குடியிருப்புகளையும் பிரித்து நிற்கும் பசுவெளி; எல்லாம் நடைதூரத்தில். அரிசியும் மீனும் வாங்க ஒருவன் வண்டியை நம்பவேண்டிய நிலை அங்கு வைக்கப்படவில்லை.

அவ்வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர் நிலை என்ன? நடையில் அவருக்கு நிகர் யாருமிலர்! விடியுமுன் பிரட்டுக்கு நடந்தார். நூற்றுக்கணக்கான பால்மரங்களுக்கிடையே நடந்தார். பாலைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு நடந்தார். ஆனால் அந்நடை அவர் தேர்ந்த நடையன்று. உணவும் அவ்வாறே. லயத்துக்கு அருகில் இருந்த கடையில், பற்றுக் கணக்கில், கடைக்காரர் வைத்ததே அரிசி, அவர் சொன்னதே விலை. லயத்தின் பின்னால் போட்ட முருங்கையும் கீரையும் இல்லையேல் குழம்புக்கு வழியில்லை. சம்பளம் வாங்கிய பின் நகரத்துக்கு நடந்து சென்று, குலத்தைக் கேளாது காசை மட்டும் கேட்கும் கோப்பிக்கடையில் பலரோடு சமமாய் அமர்ந்து பசியாறிய நேரமே அவர் தம் விருப்பப்படி உண்ட நேரம். சிறு நகரம் அவருக்கு அளித்தது உணவு மட்டுமன்று, மனிதன் என்னும் மதிப்புமாகும்.

பட்டணமும் ஆதியில் கால்களுக்காகவே கட்டப்பட்டது. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின் அது செங்கல்லால் எழுந்தது. கடைகளின் முன் 'அஞ்சடி' என்று நம்மவர் வழங்கும் நடைபாதை அமைந்தது. வெயிலும் மழையும் படாமல் கடைக்குக் கடை நடக்கலாம். பின்னர் மோட்டார் வண்டி வந்தது, பட்டணம் பரந்தது. நெரிசலைத் தணிக்க 1950களில் எஃபிங்காம் என்னும் ரப்பர் தோட்டம் இருந்த நிலத்தில் பெட்டாலிங் ஜெயா எழுந்தது. 1990களில் பேராங் பெசார் முதலிய தோட்டங்களின் நிலத்தில் புத்ராஜெயா எழுந்தது. அதற்கும் பூங்கா நகரம் என்றே பெயர். அங்குப் பால்வெட்டிய நம்மவரில் பலர் டெங்கில் அருகே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்க்கப்பட்டனர். கோலகுபுவில் நகரம் வெள்ளத்துக்கு அஞ்சி நகர்ந்தது. இங்கோ நகரம் வருவதற்காக மனிதர் நகர்ந்தனர். முன்னைய பூங்கா நகரம் நடப்பவனை எண்ணி வரையப்பட்டது. பின்னையதன் அகன்ற சாலைகளோ காரில் செல்வோருக்கே இசைந்தவை.

சிற்றூரே சொர்க்கம் என்று நாம் கூறவரவில்லை. வேலையும் உயர்கல்வியும் தேடி இளைஞர் பட்டணம் செல்வது நியாயமே; பட்டணத்தின் பல்வகை உணவும் பல இனத்தார் கூடி வாழ்வதன் பயனே. ஆனால் கடை ஒரு கல் தொலைவில், நடைபாதை ஒரு முழமும் இல்லை என்னும் குடியிருப்பில் வாழும் மூதாட்டிக்குப் பட்டணத்து உணவு அத்தனையும் இருந்து என்ன பயன்? மகன் வண்டி எடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. பற்றுக் கணக்குக் கடையிலிருந்து விடுபட்டவர், வண்டித் தவணைக்கு அடிமைப்படுவது விடுதலையாகுமா?

ஆகவே, நாளை மற்றொரு தோட்டம் குடியிருப்பாக மாறும்போது, வீட்டின் விலையை மட்டும் கேட்டுவிட்டு நம்மவர் கையெழுத்திடலாகாது. கடை எங்கே, பள்ளி எங்கே, நடக்க நிழலுள்ள வழி எங்கே என்று முன்னதாகக் கேட்கவேண்டும். இவற்றை வரைபடத்தில் வைப்பது இயலாத காரியமன்று. நூறாண்டுகளுக்கு முன்பே, உடைந்த அணைக்கு அருகில், அதை ஒருவர் செய்து காட்டியிருக்கிறார்.