பெரிய ரயருக்கு ஒரு இடம்: ஐஸ்லாந்துப் பிக்கப்களின் கதை

பிக்கப்பை உயர்த்திறது எண்டதும் எங்களில் கனபேருக்கு ஞாபகம் வாறது அமெரிக்க வீடியோக்கள்தான். ஏணி வைத்து ஏற வேண்டிய உயரம், ஆளளவு ரயர், கீழே நசுங்கிக் கிடக்கும் கார்கள். மிசூரி மாநிலத்துப் பொப் சாண்ட்லர், தன்னுடைய கடைக்கு விளம்பரமாக, 1974ஆம் ஆண்டு ஃபோர்ட் எஃப்-250 ஒன்றைக் கொஞ்சங் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போனார். 1981இல் அதைப் பழைய கார்களுக்கு மேலால் ஏற்றிக் காட்டினார். ‘பிக்ஃபுட்’ என்ற அந்த வண்டியிலிருந்து ஒரு முழுக் கண்காட்சித் தொழிலே பிறந்தது.

நாங்கள் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. கிட்டத்தட்ட அதே காலத்தில் வட அத்லாந்திக்கின் நடுவில் இருக்கிற ஐஸ்லாந்திலும் பிக்கப்களை உயர்த்தத் தொடங்கினார்கள். ஆனால் அங்கே கேள்வி வேற: எவ்வளவு குறைவாக உயர்த்தினால் போதும்?

அந்தக் கேள்வி ஏன் வருகுது எண்டு விளங்க, வண்டிக்குக் கீழே ஒருக்கா குனிஞ்சு பார்க்க வேணும். முன்னுக்கும் பின்னுக்கும் முழு இரும்பு அச்சு வைத்த பழைய ஹைலக்ஸ் மாதிரி வண்டிகளில், நிலத்துக்கு ஆகக் கிட்ட இருக்கிறது அச்சின் நடுவில் தொங்கும் டிப்ரன்சல். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை எவ்வளவு உயர்த்தினாலும் பொடிதான் மேலே போகும். டிப்ரன்சல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தக்கூடியது ரயர் மட்டும்தான். 29 அங்குல ரயரைக் கழற்றி 35 அங்குலம் போட்டால் டிப்ரன்சல் 3 அங்குலம் மேலே வரும். வண்டியை உயர்த்துவது, அந்த ரயர் மட்கார்டில் உரசாமல் சுழல இடம் எடுக்க. அதுக்கு மேல ஏத்திற ஒவ்வொரு அங்குலமும் வண்டியின் பாரத்தைத்தான் மேலே தூக்குது. சரிவில் பிரள்வது சுலபமாகுது.

வரலாறு போரிலிருந்து தொடங்குது. 1940 மே மாதம் பிரித்தானியப் படை ஐஸ்லாந்தில் இறங்கியது. 1941இல் அமெரிக்கர்கள் வந்தார்கள். அப்போது நாட்டின் மொத்தச் சனத்தொகை ஒரு இலட்சத்து இருபதாயிரம் அளவுதான். படைகளோடு ஜீப்புகளும் டொட்ஜ் லொறிகளும் வந்தன. போர் முடிந்த பிறகு அவை கமக்காரர்களின் கைக்குப் போயின. பிறகு லாண்ட் ரோவர், ஃபோர்ட் பிறொங்கோ. தீவைச் சுற்றிவரும் பிரதான றோட்டு முழுமையானதே 1974இல்தான். நடு மேட்டுநிலத்துக்கு மாரியில் போக வழியில்லை. நாட்டின் பத்தில் ஒரு பங்கு பனியாறு.

1980களில் அங்குள்ள ஆட்கள் சேற்றுக்கெண்டு அமெரிக்காவில் செய்த அகல ரயர்களை வாங்கிப்போட்டு, காற்றைக் கிட்டத்தட்ட முழுதாகத் திறந்துவிட்டுப் பனிமேல் ஓடிப் பார்த்தார்கள். வழமையாக 30 பிஎஸ்ஐ அளவு இருக்கிற காற்று 3 பிஎஸ்ஐ வரை இறங்கும். ரயர் நிலத்தை அழுத்தும் அழுத்தம் அதற்குள்ளிருக்கிற காற்றழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட சமன். காற்று பத்தில் ஒன்றானால் ரயர் நிலத்தில் பதியும் பரப்பு ஏறத்தாழ பத்து மடங்காகும். ஒரு மனிதன் நடக்கும்போது அவன்ர ஒற்றைக் கால் கொடுக்கும் அழுத்தம்கூட இதைவிடக் கூட. அதாவது, நீங்கள் இறங்கினால் புதையிற பனியில் இரண்டு தொன் வண்டி மேலால போகும். வயலுக்குள் இறக்க ட்ரக்டருக்கு இரும்புச் சில்லு பூட்டுறதைப் பார்த்து வளர்ந்த ஆட்களுக்கு இது அவ்வளவு அதிசயமாக இராது.

சின்ன ரயரில் இதைச் செய்யேலாது. காற்றைத் திறந்தால் றிம் நிலத்தில் முட்டும். ஆகவேதான் 38 அங்குலம். 38ஐ உள்ளே விட அவர்கள் உயரத்தை நம்பவில்லை, வாளை எடுத்தார்கள். மட்கார்டை வெட்டினார்கள், வெளியால் அகல விளிம்பு வைத்தார்கள், முன் அச்சைக் கொஞ்சம் முன்னுக்கும் பின் அச்சைக் கொஞ்சம் பின்னுக்கும் தள்ளினார்கள். அதுக்குப் பிறகும் இடம் பத்தாவிட்டால்தான் உயர்த்தினார்கள். பனியாற்றில் பக்கச் சரிவில் ஓடுறவனுக்குத் தெரியும், உயரம் ஒரு பெருமையில்லை.

பெரிய ரயரோட வேற வேலையும் வரும். 29க்குப் பதில் 35 போட்டவனின் மீற்றர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 72இல் ஓடுது. எஞ்சின் இழுக்கத் திணறும், அச்சுக்குள்ள பல்லுச் சில்லு மாற்ற வேணும், பிறேக்கும் கூடப் பாடுபடும். இதையெல்லாம் முதலில் செய்து பார்த்தது பெரிய கொம்பனிகள் இல்லை. கராஜ்களில், பின்னேரங்களில், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பழகினவர்கள். அவர்களுக்கெண்டு ஒரு நாலு-சில்லுச் சங்கம் 1983இல் உருவானது. கொம்பனி பிறகுதான் வந்தது: ரொயோட்டாவின் ஐஸ்லாந்து முகவர்கள் 1990இல் ‘ஆர்க்டிக் ட்ரக்ஸ்’ என்ற பிரிவைத் தொடங்கினார்கள். 2007இல் பிபிசியின் ‘ரொப் கியர்’ குழு 1996ஆம் ஆண்டின் வட காந்த முனை இருந்த இடத்துக்கு ஓட்டிப்போனது இவர்கள் மாற்றிக்கொடுத்த ஹைலக்ஸில்தான். உலகம் கவனித்தது அந்த ஓட்டத்தைத்தான். அதுக்கு முதல் இருபது வருசமாக, புயலில் அகப்பட்டவர்களைத் தேடிப்போன ஐஸ்லாந்தின் தொண்டர் மீட்புக் குழுக்களை ஆர் கவனித்தது?

எங்களுக்கு இதில் ஆகப் பிடித்தது சட்டம். அரசாங்கம் இந்த வண்டிகளைத் தடைசெய்யவில்லை. மாற்றிய வண்டி தனியான பரிசோதனைக்குப் போக வேணும், பதிய வேணும், பிறகு றோட்டில் ஓடலாம். ஆனால் றோட்டை விட்டு வெறும் மண்ணில் இறங்கினால் குற்றம். அங்கே ஒரு பாசித் தரையில் விழுந்த சில்லுத் தடம் மாறப் பல பத்தாண்டுகள் செல்லும். நிலம் உறைந்து, பனி மூடியிருந்தால் மட்டும் ஓடலாம். அமெரிக்காவின் வட கரொலைனாவில் 2021இல் வேறொரு சட்டம் வந்தது: முன்பக்கம் பின்பக்கத்தைவிட 4 அங்குலமோ அதுக்கு மேலோ உயர்ந்து நிற்கும்படி வண்டியை மாற்றக்கூடாது. மூக்கு மேலே போனால் ஓட்டுறவருக்கு முன்னால் நிற்கிற ஆள் தெரியாது எண்டது அங்கே பெரிய பயம். ஒரு சட்டத்துக்குப் பின்னால் நிலத்தைப் பற்றிய பயம், மற்றதுக்குப் பின்னால் றோட்டில் நிற்கிற மனிதரைப் பற்றிய பயம். இரண்டும் நியாயம்தான்.

ஆனாலும் இந்தக் கதையை முழுக்க வீரக் கதையாக எழுத எங்களுக்கு மனம் வரேல்லை. ஐஸ்லாந்தின் பனியாற்றியல் சங்கம் 1953இலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் வத்னயோக்குல் பனியாற்றுக்கு ஆய்வுப் பயணம் போகுது. தொடக்கத்தில் போர்க்காலத்துச் சங்கிலிச் சில்லு வண்டிகள், பிறகு பெரிய ரயர் ஜீப்புகளும் பிக்கப்களும். ஓக் என்ற சின்னப் பனியாறு இனிப் பனியாறு இல்லை எண்டு 2014இல் அறிவித்தார்கள். 2019இல் அதற்கு ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். பனி எவ்வளவு குறைஞ்சிருக்கு எண்டு அளக்கப் போற ஆட்களும் காற்றைத் திறந்துவிட்ட டீசல் வண்டியில்தான் மேலே ஏறுகிறார்கள்.