தேய்ந்தது தாமிரம், அறுத்தது மணல்



என் தம்பி மகன் வீட்டுப் பின்பக்கம் கல் அறுக்கும் ரம்பம் ஒன்றைத் தானே செய்து வைத்திருக்கிறான். பழைய மோட்டார், பட்டறையில் வெல்டிங் வைத்த இரும்புச் சட்டம், கடையில் வாங்கிய வைர பிளேடு. ஆற்றில் பொறுக்கிய கூழாங்கல்லை அறுத்து உள்ளே என்ன நிறம் என்று பார்ப்பதில் அவனுக்கு ஒரு பைத்தியம். போன வாரம் பிளேடு கல்லில் இறங்காமல் வழுக்கியது. அவன் ஒரு செங்கல்லை எடுத்து நாலு கீறு போட்டான். மறுபடி இறங்க ஆரம்பித்துவிட்டது! "வெளியே இருந்த வைரம் மழுங்கிடுச்சு பெரியப்பா. அதைப் பிடிச்சிருக்கிற உலோகத்தைக் கொஞ்சம் தேய்ச்சு விட்டாத்தான் உள்ளே இருக்கிற புது வைரம் தலைகாட்டும்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் வரலாற்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "தாமிரம் மெத்துனு இருக்குமே சார், அதை வெச்சு எகிப்துக்காரங்க எப்படிக் கருங்கல்லை அறுத்தாங்க?" தாமிரத்தை எஃகு மாதிரி இறுக்கும் ரகசியம் அவர்களிடம் இருந்தது என்று சொன்னேன். எங்கோ படித்தது. அவனுக்குப் பின் வந்த எத்தனையோ வகுப்புகளுக்கும் அதையே சொன்னேன்.

அப்படி ஒரு ரகசியமும் இல்லை. அவர்களுடைய ரம்பத் தகட்டுக்குப் பல்லே தேவைப்படவில்லை. தகட்டுக்கடியில் மணலைப் போட்டு, முன்னும் பின்னும் இழுத்தார்கள். மணலில் இருக்கும் குவார்ட்ஸ்தான் கல்லைத் தின்றது. தாமிரத்தின் வேலை மணலை அழுத்தித் தள்ளுவது மட்டுமே. ரோமானியரான பிளினி கி.பி. 1ஆம் நூற்றாண்டிலேயே, பளிங்கை அறுப்பது இரும்பு அல்ல, மணல்தான் என்று எழுதிவிட்டார். பெருமணல் போட்டால் வெட்டு அகலமாகிக் கல் வீணாகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இங்கிலாந்தின் டெனிஸ் ஸ்டாக்ஸ் நம் காலத்தில் அஸ்வானில் தாமிர ரம்பத்தால் கருங்கல்லை அறுத்தே காட்டினார். ஒரு மணி நேரத்துக்குச் சில மில்லிமீட்டர் ஆழம்தான் இறங்கும். கூடவே தாமிரமும் கரையும். கூஃபு மன்னனின் கருங்கல் பெட்டியில் ரம்பம் கோணலாக ஓடி, பின்வாங்கி, மறுபடி அறுத்த தடம் இருப்பதை 1880களில் பிளிண்டர்ஸ் பெட்ரி பார்த்து எழுதினார். வேற்றுக்கிரகவாசிகள் வந்து அறுத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் நண்பர்கள் இந்தத் தடத்தைக் கவனிக்க வேண்டும். கை தவறுவது மனிதனுக்குத்தானே!

தேயும் உலோகத்துக்குக் கணக்கும் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அரசர்களின் கல்லறைகளைக் குடைந்த டெய்ர் எல்-மதீனா தொழிலாளர்களுக்கு உளிகளை எடை போட்டுத்தான் கொடுத்தார்கள். மழுங்கியதைத் திரும்ப வாங்கிச் செப்பனிடக் கொடுத்தார்கள். எடை குறைந்தால் கேள்வி வரும்.

பிறகு தண்ணீர்ச் சக்கரம் வந்தது. துருக்கியின் ஹைராபோலிஸில், கி.பி. 3ஆம் நூற்றாண்டுக் கல்பெட்டி மூடி ஒன்றில், சக்கரம் சுழன்று இரண்டு ரம்பங்களை இழுக்கும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. அப்போதும் கல்லை அறுத்தது மணல்தான்.

நம் ஊர்ச் சாணைக்காரர்கள் மணலைவிடக் கடினமான குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்துச் சக்கரம் செய்தார்கள். ஆங்கிலத்தின் 'கொரண்டம்' நம் குருந்தம்தான்.

கேள்வி கேட்ட அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். தம்பி, இதைப் படித்தால், அன்று நான் சொன்னது தவறு. விடை மணல்.