கபுறும் கிணறும்: ஆராயாமல் விட்ட ஒரு கேள்வி

கொவிட் காலம் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது எரிக்கப்பட்ட ஜனாஸாக்கள்தான். "மையித்த அடக்கினா நிலத்தடித் தண்ணி பழுதாப் போகுமாம்" என்ற ஒரு பேச்சு, 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி மூலம் நாட்டின் சட்டமாகியது. 276 முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டன. அவற்றில் பிறந்து 20 நாளேயான ஒரு பிள்ளையின் உடலும் ஒன்று. இதை அரசியல் அநியாயமாகப் பேசியிருக்கிறோம், பேசவும் வேண்டும். ஆனால் இதற்குள் ஆராய்ச்சி பற்றிய ஒரு கேள்வியும் இருக்கிறது: தண்ணீர் பழுதாகும் என்பதைச் சோதித்துப் பார்த்தவர் யார்?

வறிய நாடுகளின் நோய்களை ஆராய உலகம் செலவழிப்பது எப்போதும் சொற்பமே. சுகாதார ஆராய்ச்சிக்குப் போன உலகப் பணத்தில் சுமார் 5 சதவீதம் மட்டுமே வளர்முக நாடுகளின் பிரச்சினைகளுக்குக் கிடைத்தது என்றும், தடுக்கக்கூடிய மரணங்களில் 93 சதவீதம் அந்நாடுகளிலேயே நிகழ்ந்தன என்றும் ஒரு சர்வதேச ஆணைக்குழு 1990இல் எடுத்துக்காட்டியது. பெருந்தொற்று வந்ததும் பணமும் கவனமும் தடுப்பூசிக்கும் மருந்துக்கும் ஓடிவிடுகின்றன. அவை தேவைதான். ஆனால் மையித்தை எப்படிக் குளிப்பாட்டுவது, எங்கே அடக்குவது, கிணற்றுக்கும் கபுறுக்கும் இடையில் எவ்வளவு தூரம் வேண்டும் என்பவை வரிசையின் கடைசிக்குப் போய்விடுகின்றன.

இதன் விலையை மேற்காபிரிக்கா நமக்கு முந்தியே கொடுத்தது. 2014இல் கினியா, சியராலியோன், லைபீரியா ஆகிய நாடுகளில் எபோலா பரவியது. எபோலாவில் இறந்தவரின் உடலைத் தொட்டாலே நோய் தொற்றும். கினியாவில் அந்த ஆண்டு ஆகஸ்ட் வரையான நோயாளிகளில் 60 சதவீதமானோரின் தொற்று, வழக்கமான அடக்கச் சடங்குகளோடு தொடர்புபட்டிருந்தது. லைபீரிய அரசு தலைநகர் மொன்ரோவியாவில் எல்லா உடல்களையும் எரிக்க உத்தரவிட்டது. விளைவு என்ன? சனங்கள் நோயாளிகளை வீட்டுக்குள் ஒளித்தார்கள். இரவோடிரவாகக் களவில் அடக்கினார்கள். நோயைத் தடுக்க வந்த உத்தரவு நோயை மறைக்கத்தான் உதவியது. அவ்வாண்டு டிசம்பரில் நகருக்கு வெளியே பாதுகாப்பான மையவாடியொன்று திறக்கப்பட்டது.

இதற்கிடையில் உலக சுகாதார ஸ்தாபனம் மானிடவியலாளர்களையும் இமாம்களையும் பாதிரிமாரையும் ஒரே மேசையில் இருத்தியது. 2014 நவம்பரில் வெளிவந்த "பாதுகாப்பான, கண்ணியமான நல்லடக்கம்" என்ற வழிகாட்டி அதன் பலன். குளிப்பாட்ட முடியாத மையித்துக்குத் தயம்மும் செய்வது, கஃபனிடுவது எல்லாம் அதில் இடம்பெற்றன. அதற்கு நவீன ஆய்வுகூடம் எதுவும் தேவைப்படவில்லை. சனங்களிடம் போய்க் கேட்டதே அங்கு ஆராய்ச்சியாக இருந்தது.

ஆறு வருடம் கழித்து கொவிட் வந்தபோது இந்தப் பாடம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. எபோலா மையித்தையே பத்திரமாக அடக்கலாம் என்றால், முக்கியமாகச் சுவாசத்தால் பரவும் ஒரு நோய்க்கு ஏன் முடியாது? அடக்கம், தகனம் இரண்டுமே ஏற்றவை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. வைரஸ் உயிருள்ள கலத்துக்குள்தான் பெருகும் என்பதை இலங்கையில் பிறந்த வைரஸ் விஞ்ஞானி பேராசிரியர் மலிக் பீரிஸ் விளக்கினார். 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்றது. ஆனாலும் அனுமதி கிடைக்கப் பெப்ரவரி கடைசியாகிவிட்டது. பிறகு இரணைதீவு என்றார்கள். அங்குள்ள மக்கள் எதிர்த்தார்கள். கடைசியில் மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 3,600க்கும் அதிகமானோர் அங்கே உறங்குகிறார்கள். அவர்களில் பிற சமயத்தவரும் உண்டு.

தண்ணீரைப் பற்றிய ஆய்வு பிறகுதான் வந்தது. மேற்பரப்பு நீரில் வைரஸ் சேர்வது பிரதானமாக மலசலத்தால், பாதுகாப்பான அடக்கத்தால் அல்ல என்ற முடிவு அமைச்சரவைக்குப் போனது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. மாதிரி எடுக்க நம்மிடம் பல்கலைக்கழகங்கள் இருந்தன, ஆய்வுகூடங்கள் இருந்தன, கிணறுகளும் இருந்தன. சட்டம் போட்ட கையோடு அந்தச் சோதனையையும் தொடங்கியிருந்தால், பல குடும்பங்கள் தங்கள் மையித்தை மண்ணுக்குள் வைத்திருக்கும்.

வறிய நாடுகள் தொற்றுக்காலத்தில் எதை முதலில் ஆராய வேண்டும் என்பதற்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. சனங்களின் மேல் ஒரு தடையைப் போடுகிறவர், அந்தத் தடையின் காரணத்தை முதலில் சோதிக்கட்டும். தீர்மானிக்கும் குழுவில் வைரஸ் நிபுணரோடு நிலத்தடி நீர் அறிந்தவரும் மையித்துக் குளிப்பாட்டுகிறவரும் இருக்கட்டும். நமக்கும் ஒரு கடமை உண்டு. அந்தப் பதினொரு மாதம் எந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை, சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே ஊர் ஊராகப் போய் எழுதிவைக்க வேண்டும். அடுத்த தொற்று வரும்போது, "இப்படி ஒண்டு நடந்தது எங்களுக்குத் தெரியாதே" என்று யாரும் சொல்ல இடம் வைக்கக் கூடாது.